இருபத்தெட்டு நாள் ஊசி

தானா ராத்தா
2.2.2025

அன்புத் தம்பி தர்மேந்திரனுக்கு அக்கா குமுதா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சானும் உன் மகளும் முனியாண்டி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உன் முதுகு வலி இப்போது எப்படி இருக்கிறது? அங்கே படுக்க மெத்தை ஏதாவது கொடுக்கிறார்களா?

அன்புவுக்கு வெள்ளிக்கிழமை, 31ஆம் தேதி, ஊசி போட்டாயிற்று. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதை நீ படிக்கவே மாட்டாய்.

அப்பப்பா, என்ன ஊசிடா அது! இடுப்புக்குக் கீழே அந்த நர்ஸ் மிஸ்ஸி குத்தினாள் பார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை, என் கையைத்தான் நசுக்கிவிட்டாள். இரண்டு நாளாக நொண்டி நொண்டி நடக்கிறாள். அவள் அம்மா சீதா கண்ணை மூடிய பிறகு, மாதாமாதம் நீ ஒருத்தனாகவே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இதை எப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாயோ. ஆண்பிள்ளைக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள்? ஓடுகிறாள், சாப்பிடுகிறாள், வாய் மட்டும் எட்டு ஊருக்குப் பேசுகிறாள். பக்கத்து வீட்டு வசுமதி அக்காவும் கேட்கிறது, "நோய் நொடி இல்லாத புள்ளைக்கு எதுக்கு லா மாசா மாசம் ஊசி?" என்று. அதற்குப் பதில் நீதான் எழுத வேண்டும்.

நீ வேண்டுமென்றா அந்த மோட்டார்க்காரன் மேல் காய்கறி லாரியை விட்டாய்? பிரேக் பிடிக்கவில்லை. அதற்கு மூன்று வருஷம் போட்டுவிட்டான் அந்த ஜட்ஜ். அவனை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சரி, எழுதினால் நீயும் அழுவாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
குமுதா


17.2.2025

அக்காவுக்குத் தம்பி தர்மேந்திரன் வணக்கம். உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த வார்டர் ஒருத்தர்தான். அவர் படித்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள், நான் எழுதுவதும் அப்படியே. நான் சுகம். முதுகைப் பற்றிக் கவலை வேண்டாம். மச்சானின் இருமல் எப்படி?

அக்கா, நீ கேட்டதற்குக் கோபமில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை. அன்பு நன்றாக இருப்பது அந்த ஊசியினால்தான். ஒன்பது வயதில் அவளுக்கு வெறும் தொண்டை வலிதான் வந்தது. நானும் சீனிமிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு லாரிக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கியது. அப்புறம்தான் டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, இருதயத்துக்குள் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்றார். தொண்டையில் வருகிற ஒரு கிருமி செய்கிற வேலை அது. இன்னொரு தடவை வந்தால் அந்தக் கதவு இன்னும் கெட்டுப்போகும். அது வராமல் தடுக்கத்தான் ஊசி. நோயைத் தீர்க்கிற மருந்து இல்லை அக்கா, வரவிடாமல் காவல் இருக்கிற மருந்து. நான்கு வாரத்தில் உடம்பில் தீர்ந்துவிடும். இருபத்தொரு வயதாவது ஆகும்வரை ஒரு தடவைகூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வசுமதி அக்காவிடமும் இதையே சொல்.

அடுத்த நாள்கள்: பிப்ரவரி 28, மார்ச் 28, ஏப்ரல் 25, மே 23. எல்லாம் வெள்ளிக்கிழமைதான். ஒரு நாள் முன்னே போனாலும் பரவாயில்லை. பின்னே போகக்கூடாது.

போன் பேசப் பெயர் கொடுத்திருந்தேன். கொடுத்த பத்து நிமிஷமும் உனக்கு மணியே அடிக்கவில்லை. நம் தோட்டத்து லைன் வீடுகளில் சிக்னல் எங்கே இருக்கிறது? இங்கிருந்து என்னால் செய்ய முடிந்தது தேதி எழுதி அனுப்புவது ஒன்றுதான்.

தம்பி
தர்மேந்திரன்


தானா ராத்தா
3.3.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம். உன் மச்சான் இருமிக்கொண்டேதான் இருக்கிறார். தேயிலை ஃபேக்டரித் தூசி அது, கடைசி வரைக்கும் கூடவே வரும். நீ இளைத்துவிட்டாயோ என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

28ஆம் தேதி ஊசி போட்டாயிற்று. போதுமா? ராஜு தன் லேண்ட் ரோவரில் கொண்டுபோய்விட்டான். கம்போங் ராஜாவிலிருந்து விடிகாலையில் பூ ஏற்றி வந்து, இறக்கிவிட்டு, எங்களைக் கூட்டிப்போனான். தாய்மாமன் என்றால் அவன்தான் தாய்மாமன். வண்டி முழுக்கச் சாமந்தி வாசனை. அன்பு கிளினிக் வரைக்கும் தும்மிக்கொண்டே வந்தாள்.

இன்னொரு விஷயம். பிள்ளை வளர்ந்துவிட்டாள் தர்மா. பன்னிரண்டு நடக்கிறது. இன்றோ நாளையோ என்றுதான் இருக்கிறாள். அது நடந்தால் நான் என்ன செய்யட்டும்? தாயும் இல்லை, நீயும் உள்ளே இருக்கிறாய். சும்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டோடு முடித்துக்கொள்ளலாமா, இல்லை சபை கூட்டிச் செய்யட்டுமா? லைனில் இப்போதே, "அப்பன் ஜெயில்ல, அந்தப் புள்ளைக்கு என்னத்த செய்யப் போறாங்க" என்று ஒரு பேச்சு இருக்கிறது. யார் பேசினார்கள் என்று எழுதமாட்டேன். எழுதினால் என் வாய் சும்மா இருக்காது.

உன் அக்கா
குமுதா


14.3.2025

அக்காவுக்கு வணக்கம். நான் நலம், நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை கடிதம் சீக்கிரம் வந்துவிட்டது.

நீ எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்கா, அப்படி ஒரு நல்ல நாள் வந்தால் எதையும் குறைக்காதே. ஓலைக் குச்சு கட்டு. பதினாறு நாளும் முறைப்படி உள்ளே வைத்துப் பார். தாய்மாமன் சீர், அத்தைமார் தண்ணீர் ஊற்றுவது, எல்லாம் லைனில் மற்ற பிள்ளைகளுக்கு எப்படி நடந்ததோ அப்படியே நடக்கட்டும். நான் உள்ளே இருக்கிற பாவத்துக்கு அவள் தலை குனியக்கூடாது. ஒரு முறை தப்பிவிட்டது என்று ஒருத்தர் வாயிலும் வரக்கூடாது. எனக்காக இதைச் செய். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அவளைப் படிக்கச் சொல். மலாய்ப் பாடத்தில் மார்க் போதாது.

தம்பி
தர்மேந்திரன்


தானா ராத்தா
22.3.2025

அன்புத் தம்பிக்கு அக்கா சந்தோஷமாக எழுதிக்கொள்வது. நலம். நீயும் நலமாக இருந்து இந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

நம் அன்பு 20ஆம் தேதி பெரியபிள்ளை ஆகிவிட்டாள்! உன் கடிதம் வந்த மறுநாளே. நான் அழுதேன், அவள் சிரித்தாள். சீதா இருந்திருக்கலாம். ராஜு மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கித் தென்னை ஓலை ஏற்றி வந்தான். இந்தக் குளிரில் தென்னை எங்கே இருக்கிறது? வாசலில் குச்சு கட்டியாயிற்று. தனித்தட்டு, தனிப்பாய், உளுத்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் நடக்கிறது. நல்லெண்ணெயைக் குடிக்கச் சொன்னால் நாய் துரத்துகிற மாதிரி கத்துகிறாள்.

தர்மா, ஒரு சிக்கல். பதினாறு நாள் என்றால் ஏப்ரல் 4. ஊசி நாள் 28. நடுவில் வருகிறது. பிள்ளை வாசல் தாண்டக்கூடாது. தாண்டினாலும் டவுனுக்குப் போகிற ஒரே ரோடு முனியாண்டி கோயில் வாசலை ஒட்டித்தான் போகிறது. தீட்டோடு அந்த வாசலைக் கடந்து ஒரு பிள்ளையும் போனதில்லை. வசுமதி அக்கா, "ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்ன குடியா முழுகிடும்?" என்கிறது. நீ முறை தப்பக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். ஊசியும் தப்பக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் வைத்துக்கொண்டு முழிக்கிறேன். நீ அப்பன், நீ சொல். கூட்டிப்போ என்றால் யார் என்ன சொன்னாலும் கூட்டிப்போகிறேன். இந்தக் கடிதம் கண்டதும் உடனே ஒரு வரி எழுது.

உன் அக்கா
குமுதா


தானா ராத்தா
8.4.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். உன்னிடமிருந்து கடிதமே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஞாயிற்றுக்கிழமை சடங்கு நல்லபடியாக முடிந்தது. தோட்டத்து ஹாலில் இருநூறு பேர் சாப்பிட்டார்கள். தோட்ட ஆபிஸ் கிராணி குடும்பத்தோடு வந்தார். ராஜு மாம்பழக் கலரில் பட்டு எடுத்திருந்தான், ஜரிகை இவ்வளவு அகலம். அன்புவைப் பார்த்தவர்கள் எல்லோரும் சீதாவே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். ஒருத்தர் ஒரு குறை சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை! நீ ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது.

அவளுக்குத்தான் குரல் கொஞ்சம் கட்டியிருக்கிறது. மூன்றாம் தேதியிலிருந்து தொண்டை வலி. விடிகாலைக் குளிரில் தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் கட்டாதா? இஞ்சி தட்டிக் கொடுக்கிறேன். உன் மச்சான் பலகாரத்தைத் தின்றுவிட்டு வயிற்று வலி என்று படுத்திருக்கிறார். போட்டோ இரண்டு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
குமுதா


10.4.2025

அக்கா,

நீ 22ஆம் தேதி எழுதியது இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. ரோட்டில் ஒரு நாள், இங்கே மேசையில் இரண்டு வாரத்துக்கு மேல். நோன்புப் பெருநாள் ராயா லீவு, தமிழ் வார்டரும் ஊருக்குப் போய்விட்டார். இன்று காலை சிரித்துக்கொண்டே கொடுத்தார். "நல்ல சேதிதான்யா, மக பெரிய மனுஷி ஆயிட்டா" என்றார்.

அக்கா, கூட்டிக்கொண்டு போ. குச்சும் வேண்டாம், சீரும் வேண்டாம். முனியாண்டிக்கு நான் வந்து பதில் சொல்லிக்கொள்கிறேன். எழுதும்போதே தெரிகிறது, 28ஆம் தேதி போய்விட்டது, பதினாறு நாளும் போய்விட்டது. நீயே முடிவு செய்து கூட்டிப்போயிருப்பாய். உனக்கு அந்தத் தைரியம் உண்டு. போட்டாயிற்று என்று ஒரு வரி எழுது. நீ கேட்ட அதே ஒரு வரி.

முறையாகச் செய் என்று எழுதியபோது நான் தேதியைக் கூட்டிப் பார்க்கவில்லை. தேதியைத் தவிர எனக்கு இங்கே வேறு வேலையே இல்லை, ஆனாலும் பார்க்கவில்லை.

தர்மேந்திரன்


28.4.2025

அக்காவுக்கு வணக்கம். நான் சுகமாக இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியவில்லை.

சடங்குக் கடிதம் வந்தது. போட்டோவில் பிள்ளை அழகாக இருக்கிறாள். பட்டின் கலர் எழுதியிருக்கிறாய், ஜரிகை எழுதியிருக்கிறாய், மச்சான் தின்ற பலகாரம்வரை எழுதியிருக்கிறாய். ஊசியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஒன்பது தடவை படித்துப் பார்த்துவிட்டேன். நீ மறந்து விடுகிற ஆள் இல்லை.

தொண்டை வலி என்று எழுதியிருக்கிறாயே, அது மஞ்சள் தண்ணீர் இல்லை அக்கா! எந்த வலியைத் தடுக்க மூன்று வருஷம் ஊசி போட்டோமோ அதுவாக இருக்கலாம். கிளினிக்கில் காட்டினாயா? முட்டி வீங்கியிருக்கிறதா? மேலே ஏறும்போது மூச்சு வாங்குகிறாளா? வாங்கினால் ஒரு நிமிஷம் வைத்திருக்காதே.

அவசரமாகப் போன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "என்ன அவசரம்?" என்று கேட்டார்கள். மகளுக்குத் தொண்டை வலி என்றேன். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் ஒரு காலத்தில் அது சிரிப்பாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு ஆபிசர் பாவப்பட்டுப் பேச விட்டார். மூன்று தடவை அடித்தேன். நம் வீட்டு நம்பர் எடுக்கவில்லை. ராஜுவின் நம்பர் எனக்கு ஞாபகம் இல்லை. அது என் போனில் இருக்கிறது. என் போன் ஜெயில் அலமாரியில் பூட்டியிருக்கிறது.

திட்டவேண்டும் என்றால் திட்டு, பொய் வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி


ஈப்போ
5.5.2025

தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஈப்போ ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அன்பு உயிரோடு இருக்கிறாள், தூங்குகிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன்.

28ஆம் தேதி ஊசி போடவில்லை. உன் பதிலுக்குக் காத்திருந்தேன். அன்றைக்கு மனசு கேட்காமல் நான் மட்டும் கிளினிக்குக் கிளம்பிப் போனேன், மிஸ்ஸியிடம் கேட்கலாம் என்று. வாசல் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சடங்கை மலாயில் எப்படிச் சொல்வது? பிள்ளை வீட்டுக்குள் அடைந்திருக்கிறாள் என்றால், நீங்கள் எல்லாம் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று திட்டுவார்களோ என்று வெட்கமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். ஊருக்கே வாய் அடிக்கிறவள் அங்கே வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 11ஆம் தேதி கூட்டிப்போய் ஊசி போட்டேன். அதற்கு முந்திய கடிதத்தில் உனக்கு எழுதப் பயந்தேன், போட்ட பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அந்த மிஸ்ஸி திட்டவே இல்லை தர்மா. தலையில் கை வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்திருப்போமே அக்கா, வீட்டிலேயே விழுங்கியிருப்பாளே" என்றாள். மாத்திரை! மாத்திரை விழுங்க வாசல் தாண்ட வேண்டாம். இது எனக்கு யார் சொன்னார்கள்? நான் எங்கே கேட்டேன்?

தொண்டை வலி அதற்குள் தன் வேலையைச் செய்துவிட்டது. 20ஆம் தேதிக்கு மேல் காய்ச்சல், இரண்டு முட்டியும் வீக்கம். 24ஆம் தேதி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினாள். ராஜு தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அந்தக் கதவு ரொம்பக் கெட்டுவிட்டதாம். கோலாலம்பூருக்கு அனுப்பி நெஞ்சைத் திறந்து சரி செய்ய வேண்டுமாம். இந்த உடம்பு தாங்குமா என்று கேட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டைத்தான் மறுபடி புரட்டினார்.

வசுமதி அக்கா நேற்று வந்தது. அழுதது. யாரைச் சொல்லி என்ன? சீதா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள், நான் இப்படிச் செய்துவிட்டேன்.

பிள்ளை எழுதிய துண்டையும் இதோடு வைக்கிறேன்.

குமுதா


அன்புள்ள அப்பாவுக்கு அன்பரசி எழுதுவது. நான் நல்லா இருக்கேன். அத்தையைத் திட்டாதீங்க. அத்தை சாப்பிடவே மாட்டேங்குது. ஊசி இல்லைன்னு சொன்னதும் நான்தான் ரொம்ப ஜாலியா இருந்தேன், அது வலிக்கும்ல. இங்க பக்கத்து பெட்ல ஒரு சீனப் பாப்பா இருக்கு, என் வளையலக் கேட்டுச்சு, ஒண்ணு குடுத்துட்டேன். அப்பா, ஆபரேஷன் அன்னிக்கு நீங்க வர முடியுமா? முடியலன்னா பரவால்ல.


22.5.2025

அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. நீயும் மச்சானும் வேளைக்குச் சாப்பிடுங்கள். பிள்ளை சொல்லியிருக்கிறாள்.

உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஒரு முறை தப்பக்கூடாது என்று காலில் விழுந்து எழுதியது நான். நீ என் பேச்சைத்தான் கேட்டாய். இனிமேல் நீ இதை நினைத்து அழுதால், என்னைச் செருப்பால் அடித்ததாக அர்த்தம்.

திங்கட்கிழமை கோலாலம்பூரிலிருந்து ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கும் ஃபாரம் வந்தது. அப்பன் கையெழுத்து வேண்டுமாம். என்னென்ன ஆகலாம் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. ஆபிசர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். கடைசி வரியைப் படிக்காமல் விட்டுவிட்டார். எனக்கு மலாய் தெரியும் என்று மறந்துவிட்டார் போல. கையெழுத்துப் போட்டேன். கையில் விலங்கு இருந்ததால் எழுத்து கோணலாகிவிட்டது. செல்லாமல் போய்விடுமோ என்று பயந்து இன்னொரு தடவை போட்டுக் கொடுத்தேன்.

போக அனுமதி கேட்டேன். கிடைக்கவில்லை. அவளிடம் நீ என்ன சொன்னாயோ தெரியவில்லை.

இன்றைக்குத்தான் ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள் என்று சொன்னார்கள். தமிழ் வார்டரிடம், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா ஆஸ்பத்திரில இருந்து போன் வரும், உன்னய ஆபிசுக்குக் கூப்பிடுவாங்க" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றால் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகலன்னா எதுக்குய்யா போன் பண்ணப் போறாங்க? வீட்டுல இருந்து லெட்டர் வரும்லா" என்றார். நல்ல மனுஷர். உள்ளதைச் சொன்னார்.

பத்து மணிக்கு வராந்தாவில் பெயர் வாசித்தார்கள். நான்கு பேர். என் பெயர் இல்லை. பன்னிரண்டு மணிக்குச் சோறு வந்தது. ஒருத்தன் என்னைக் கூப்பிட்டான், சோற்றை விட்டு எழுந்துவிட்டேன். தண்ணீர்க் கோப்பையை நகர்த்தச் சொன்னான், அவ்வளவுதான். இப்போது மணி நான்கு. அந்தப் பக்கம் ஆபிசில் போன் இரண்டு தடவை அடித்தது.

நீ எழுதுகிற கடிதம் என் கைக்கு வர இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஆகும். ஆகட்டும் அக்கா, மெதுவாகவே வரட்டும். அதுவரைக்கும் இங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

தம்பி
தர்மேந்திரன்